எச்சரிக்கைப் பலகை அவர்களின் மேலான கவனத்திற்கு

பெறுநர்: உயர்திரு எச்சரிக்கைப் பலகை அவர்கள், கடற்கரை (பாதி மணலில் புதைந்த நிலையில்).

பொருள்: பொதுமக்கள் கடலில் கால் நனைப்பது தொடர்பாக.

பார்வை: தங்கள் முகத்தில் எழுதியுள்ள ‘இங்கு குளிப்பது ஆபத்தானது, மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற வாசகம்.

ஐயா,

இந்த மனு முதலில் ஓர் அதிகாரிக்குத்தான் போக வேண்டியது. ஆனால் மணல் வருவாய்த் துறைக்கு, சவுக்குத் தோப்பு வனத் துறைக்கு, வண்டி நிறுத்தும் கட்டணம் உள்ளாட்சிக்கு, படகு மீன்வளத் துறைக்கு, கூட்டம் காவல் துறைக்கு, ‘வாருங்கள் வாருங்கள்’ என்ற விளம்பரம் சுற்றுலாத் துறைக்கு என்று விசாரித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. அலையை மட்டும் யாருக்கும் ஒதுக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் இடம் பெயராமல் பணியில் நிற்பவர் தாங்கள் ஒருவரே. எனவே மனு தங்கள் பெயருக்கு வருகிறது.

தங்கள் சேவையைக் குறை சொல்ல முடியாது. இளைஞர்கள் தங்கள் தோளில் சட்டையைத் தொங்கவிட்டுவிட்டுத்தான் கடலில் இறங்குகிறார்கள். தங்கள் நிழலில் சுண்டல் வியாபாரம் நடக்கிறது. படமெடுக்க வருபவர்கள் சாய்ந்து நிற்கவும் தாங்களே. படிப்பதற்கு மட்டும் யாரும் தங்களைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

படித்தாலும் என்ன கிடைக்கும்? ஆபத்து என்கிறீர்கள். எங்கே, எப்போது, எதனால் என்று சொல்வதில்லை. கரைக்கு வந்து குவியும் நீர் ஏதாவது ஒரு வழியில் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் கிடைத்தால் எல்லாம் அதன் வழியே பாய்கிறது. இதுதான் இழுவை நீரோட்டம். அந்தப் பள்ளத்தின் மேல் அலை அவ்வளவாக உடையாது. நுரை இருக்காது, நீர் சற்றுக் கருத்து அமைதியாகத் தெரியும். குடும்பத்தோடு வருபவர் கரை நெடுகப் பார்த்துவிட்டு, ‘இங்கதான் அலை கம்மி, குழந்தைங்க இங்க விளையாடட்டும்’ என்று சரியாக அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பார். ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகிய மாமா ஒருவர் கூடவே இறங்குவார். வலுவான இழுவை வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். அதை எதிர்த்து நீந்தினால் ஒலிம்பிக் வீரரே களைத்துப்போவார், மாமா எம்மாத்திரம்? இழுவை ஆளை அடியில் அமுக்குவதில்லை, கடலுக்குள் கொண்டுபோகிறது. பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறினால் பிழைக்க வழியுண்டு. தங்கள் முகத்தில் இதற்கு இடமில்லை என்பது சரிதான். பலகையில் பாதியைத் திறப்பு விழா விவரம் எடுத்துக்கொண்டதே!

அரசுக்கு விவரம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் 1999 முதல் இயங்குகிறது. எந்தக் கடலோரத்தில் எப்போது அலை உயரும் என்று அது முன்கூட்டியே சொல்கிறது. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயற்காற்று கிளப்பிய நீண்ட அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து குமரிக் கரையில் ஏறும்போது இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2012இல் யுனெஸ்கோவும் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. யுனெஸ்கோ இருக்கும் பாரிஸ்வரை போய்விட்ட செய்தி, தங்கள் கம்பத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. கடற்கரை மூடப்பட்டிருந்தது என்றும், அவர்கள் தென்னந்தோப்பு வழியாக உள்ளே போனார்கள் என்றும் செய்திகள் வந்தன. இந்த இடத்தில் தங்களைக் கேலி செய்ய மனம் வரவில்லை.

மனிதர்களைக் கடலிடமிருந்து காப்பது தங்கள் வேலை. கடலை மனிதர்களிடமிருந்து காப்பது யார் வேலை என்பதையும் தெரிவித்தால் நல்லது. 1964 புயல் அழித்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017இல் சாலை திறந்தார்கள். இப்போது பேருந்திலேயே போய்ப் பொட்டலச் சோறு தின்று, பொட்டலத்தைக் காற்றிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பலாம். பக்கத்திலேயே மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா, 1986 முதல். அதன் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. முன்பு அங்கே கட்டடத்துக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்தார்கள். இன்று பயணிகள் கைப்பைக்கு அடங்கும் அளவில் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பவளம் கல்லல்ல, சட்டம் காக்கும் உயிர். வாங்குவதும் குற்றம் என்று தாங்கள் ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம்.

சென்னைக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். அவற்றின் முகத்தில் கைபேசி வெளிச்சம் அடித்துக் காணொளி எடுப்பவர்கள் தாய்மையைப் போற்றித்தான் எடுக்கிறார்களாம். வெளிச்சம் கண்டு தாய் முட்டையிடாமலே திரும்பிவிடுவதுண்டு. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பிச் சாலைப் பக்கம் நடக்கும்.

ஆகவே சமூகம் கருணை கூர்ந்து, தங்கள் மேலுள்ள பெயர்களைக் கொஞ்சம் சிறிதாக்கி, அன்றைய அலை நிலவரத்தைச் சாக்பீஸிலாவது எழுதிவைக்க ஒருவரை நியமிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது. இழுவை தெரியும் இடத்தில் ஒரு சிவப்புக் கொடி, ஓர் உயிர்காப்பாளர், கயிறு கட்டிய ஒரு மிதவை வளையம். பட்ஜெட் இல்லையென்றால் அடுத்த திறப்பு விழாவின் பந்தல் செலவு போதும்.

இப்படிக்கு,
தங்களைப் படிக்க முயன்று தோற்ற பொதுமக்கள்.

நகல்: விடுமுறைக்குக் கடற்கரை போகும் குடும்பங்களுக்கு. இறங்குவதற்கு முன், வலை சரிபார்த்துக்கொண்டிருப்பவரிடம் ‘கடல் இன்னைக்கு எப்படிண்ணே?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். படகுகளை மேட்டில் ஏற்றிப் போட்டிருந்தால் மணலிலேயே உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு, காகிதத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.