பட்டர்வொர்த்தில் பைன் மரமா?

கேள்வி: பட்டர்வொர்த் – புக்கிட் மெர்தாஜாம் ரயில் பாதையை 1:87 அளவில் மேசைமேல் அமைக்கிறேன். கடையில் வாங்கிய மரங்களை நட்டதும் எல்லாம் சுவிட்சர்லாந்து ஆகிவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகர், செபராங் ஜெயா

பதில்: பைன் மரங்களைப் பிடுங்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் ரயில் ஓட்டுநரே வழி கேட்பார். நம் பக்கத்துக்கு அடையாளம் செம்பனை. தோட்டத்தில் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். உங்கள் மேசையில் அது 10 சென்டிமீட்டர். இந்த வரிசை அமைந்தாலே பார்ப்பவருக்கு ஊர் தெரிந்துவிடும். கம்பியில் தேங்காய் நாரைச் சுற்றினால், மட்டை வெட்டிய அடிமரம் தயார். அதில் பச்சைப் பொடி தூவுங்கள், பெரணி முளைத்துவிடும்! லாலான் புல்லுக்குப் பிரித்த சணல் கயிறு போதும். ரப்பர் மரம் வைத்தால் மாதத்தையும் முடிவு செய்யுங்கள். பிப்ரவரி என்றால் இலை உதிர்ந்து நிற்கட்டும். செம்மண்ணைச் சலித்து, வாணலியில் வறுத்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். பசையில் பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு கட்டாயம். அது இல்லாவிட்டால் பசை மண்ணுக்குள் இறங்காமல் உருண்டு நிற்கும். தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி இழுப்பதானால், அதன் அருகில் ஒரு கிளைகூட வேண்டாம்.