குடை கொடுத்து வரி கேட்ட கதை

2025 ஜனவரி கடைசி வாரம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் அண்ணன் ஒருவர் தே தாரிக்கை ஆறவிட்டுப் புலம்பிக்கொண்டிருந்தார். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஐந்தறை வீட்டுக்காரர். சொத்து வரி நோட்டீஸ் கையில். "பழைய புளோக் தம்பி. குளியலறையில தண்ணி ஒழுகுது, ஜன்னல் சாத்த மாட்டேங்குது. இதுக்கு ஆண்டு மதிப்பு 13,800 வெள்ளியாம்! நியாயமா இது?"

அந்த நேரம் பார்த்து அவருடைய சம்பந்தி போன் செய்தார். "நம்ம வீடுங்களா? அருமையான புளோக்! எம்ஆர்டி நடக்கிற தூரம், கார்னர் வீடு, காத்து பிச்சுக்கிட்டுப் போகும். இன்னிக்கு வித்தாக்கூட..." என்று அண்ணன் ஒரு தொகை சொன்னார். நான் குடித்துக்கொண்டிருந்த காப்பி புரையேறிவிட்டது. வீடு ஒன்றுதான். வரி அலுவலகத்துக்குக் குடிசை, சம்பந்திக்கு அரண்மனை.

ஆண்டு மதிப்பு என்பதே ஒரு கற்பனைக் கதை. நீங்கள் பெட்டி படுக்கையோடு வெளியேறி, வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் வருடத்துக்கு என்ன கிடைத்திருக்கும்? அந்தக் கிடைக்காத வாடகைதான் கணக்கு. சோபாவையும் கட்டிலையும் சேர்க்க மாட்டார்கள். கற்பனைக்கும் ஒரு நேர்மை வேண்டும் அல்லவா!

இதெல்லாம் சிங்கப்பூரில் கண்டுபிடித்த கொடுமை என்று அண்ணன் நினைக்கிறார். ஐயா, நம் சோழர் கல்வெட்டுகளில் 'மனையிறை' என்றே ஒரு வரி உண்டு. ராஜராஜன் காலத்து நில அளவை தெரியுமா? ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 லட்சம் பாகமாகப் பிரித்து, அதில் ஒரு பாகம் வரைக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கடுகு உட்கார இடம் போதாது. அதற்கும் வரி!

முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். ஆகா, என்ன தங்கமான ராஜா என்று உருகாதீர்கள். தவிர்த்தது சுங்கத்தை மட்டும். நிலத்தை மறுபடி அளக்க ஆள் அனுப்பியவரும் அவரேதான்.

சரி, வெள்ளைக்காரன் கதைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

1686. சென்னைப்பட்டினத்தில் கிழக்கிந்திய கம்பெனியின் கவர்னர் வில்லியம் கிஃபர்ட். ஊருக்கு மதில் வேண்டும், அதற்குக் காசு வேண்டும், ஆகவே வீட்டு வரி. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? கடையைச் சாத்தினார்கள். அரிசி கிடையாது, துணி கிடையாது. கவர்னர் பதிலுக்கு, பணியாவிட்டால் வீடுகளை இடிப்பேன் என்று மிரட்டினார். வீட்டு வரி வசூலிக்க வீட்டையே இடிப்பது! பல் வலிக்குத் தலையை எடுப்பது போல.

இந்தச் செய்தியெல்லாம் லண்டனில் சர் ஜோசையா சைல்டின் காதுக்குப் போயிற்று. கம்பெனியில் அவர் வைத்ததுதான் சட்டம். மனித மனத்தைக் கரைத்துக் குடித்தவர். நாம் அதிகாரம் பண்ணி ஆறு பென்னி கேட்டால் அழுவார்கள், அவர்களில் நாலு பேரை உட்கார வைத்து அவர்களையே விதிக்கச் சொன்னால் ஐந்து ஷில்லிங்கூட சிரித்துக்கொண்டு கொடுப்பார்கள் என்பது அவர் கட்சி. அப்படிப் பிறந்ததுதான் 1688இல் சென்னை மாநகராட்சி. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் பேசுகிறோமே, அதற்குள் படுத்திருந்த குழந்தையின் பெயர் வசூல்.

மேயர் ஒருவர், ஆல்டர்மேன்கள் பன்னிரண்டு பேர். ஆங்கிலேயர், போர்த்துக்கீசியர், யூதர் எல்லாரும் உண்டு. நம்மவர்களில் சின்ன வேங்கடாத்ரி, ஆலங்காத்தா பிள்ளை போன்ற பெரிய தலைகளும் இருந்தார்கள். சும்மா வருவார்களா? சிவப்பு அங்கி கொடுத்தார்கள். சென்னை வெயிலில், முழு நீள அங்கி! லண்டன் ஆல்டர்மேன் மாதிரி குதிரையில் போகலாம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தலைக்குமேல் ஆள் வைத்துக் குடை பிடித்துக்கொள்ள அனுமதி. குடை அன்றைக்கு நம் ஊர் நீலப் பட்டன் குடை அல்ல. கண்டவனும் பிடிக்க முடியாது. விமானத்தில் பிசினஸ் கிளாஸ் திரையை இழுத்து விடுவார்களே, அந்தச் சுகம் அதில் இருந்தது.

அங்கி தயார், குடை தயார், ஊர்வலம் தயார். அப்புறம் நகர மண்டபம் கட்ட வரி என்று பேச்சை எடுத்தார்கள். சனங்கள் இடம் கொடுக்கவில்லை. குடைக்கு வணக்கம் வைத்தார்கள், மடியை மட்டும் அவிழ்க்கவில்லை.

அதே கம்பெனியின் ஆள்தான் நம் ராஃபிள்ஸும். 1819இல் இங்கே வந்திறங்கினார். சுங்கமே இல்லாத துறைமுகம் என்றார். வியாபாரிகள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அப்புறம் ஊரை நடத்தக் காசு? அபினி, சாராயம் விற்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். சிலை வைக்கும் அளவுக்கு உயர்ந்த கொள்கையின் கீழே, ஒரு மூலையில், அபினிக் குழாயோடு படுத்திருந்த கூலிக்காரர் எல்லாருக்குமாக வரி கட்டிக்கொண்டிருந்தார்.

வரி வேண்டாம் என்ற ராஃபிள்ஸுக்கே கடைசியில் ஒரு நோட்டீஸ் வந்தது. 1826இல், உடம்பு சரியில்லாமல் லண்டனுக்கு வெளியே வீடு வாங்கி உட்கார்ந்திருந்த மனிதருக்கு, சம்பளமும் செலவும் அதிகமாக வாங்கிவிட்டீர் என்று கம்பெனி 22,000 பவுண்டுக்கு மேல் பில் அனுப்பியது. ஜிரோவில் பன்னிரண்டு தவணை என்ற வசதியெல்லாம் அன்றைக்கு ஏது? சில மாதத்தில், 45ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் ஈசூனுக்கும் ஒரு பெரிய மனிதர் உண்டு. லிம் நீ சூன். அன்னாசி மன்னர், ரப்பர் முதலாளி, சுன் யாட் சென்னுக்கே தோள் கொடுத்தவர். இந்த வட்டாரமே அவர் பெயரில். பிறகு சீனப் பெயர்களை மாண்டரின் உச்சரிப்பில் எழுதுவோம் என்று அரசாங்கம் கிளம்பியதில் 'நீ சூன்' 'ஈசூன்' ஆகிவிட்டது. லிட்டில் இந்தியா தேக்கா சந்தைக்கும் அப்படியே 'ஜூஜியாவ்' என்று ஞானஸ்நானம் செய்தார்கள். கத்தரிக்காய் வாங்கப் போன எந்தத் தமிழரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. 2000இல் தேக்கா திரும்பி வந்தது. அன்னாசி மன்னரின் 'நீ சூன்' மட்டும் தொகுதிப் பெயர் போன்ற சில இடங்களில்தான் மிஞ்சியது. காடு காடாக நிலம் வைத்திருந்தவர், இன்றைக்கு ஐந்தறை வீட்டின் விலையைக் கேட்டால் அன்னாசியைக் கீழே போட்டுவிடுவார்.

இந்தச் சொத்து வரியில் உண்மையாகவே அடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 2022இல் 16 விழுக்காடாக இருந்த உச்ச விகிதம், மறு ஆண்டு 23, அதற்கு மறு ஆண்டு 32. எப்போதோ வாங்கிய தரைவீட்டில் பென்சன்கூட இல்லாமல் இருக்கும் தாத்தாவிடம், உங்கள் வீட்டின் கற்பனை வாடகை ஏறிவிட்டது என்றால் அவர் கற்பனைப் பணத்திலா கட்டுவார்?

ஆனால் நம் அண்ணன் அந்தத் தாத்தா இல்லை. ஃபோனை வாங்கிக் கணக்குப் போட்டேன். 2025 தொடங்கி, முதல் 12,000 வெள்ளிக்கு வரியே இல்லை. மிச்சம் 1,800. அதற்கு 4 விழுக்காடு, 72 வெள்ளி. அந்த ஆண்டு வீவக வீட்டுக்கு 20 விழுக்காடு தள்ளுபடி வேறு. கட்ட வேண்டியது 57 வெள்ளி 60 காசு.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டீஸை மேசையில் நீவி வைத்து, ஆண்டு மதிப்பு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, சம்பந்திக்கு வாட்ஸ்அப் செய்தார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "கவர்மென்டே போட்ட மதிப்பு, பாத்துக்குங்க."

"உங்க வீட்டுக்கு எவ்வளவு தம்பி?" என்றார் சும்மா கேட்பது போல.

"14,100" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. வெளியே நல்ல வெயில். எனக்கு மட்டும் யாரோ தலைக்குமேல் குடை பிடித்தது போல் இருந்தது.