அப்பலூசாவோடு காடு போகலாமா?

அமெரிக்காவின் ஐடஹோ, ஓரிகன், மொன்டானா மலைப்பக்கங்களில் குடும்பம் குடும்பமாக அப்பலூசா குதிரைகளில் ஏறிக் காட்டுப்பாதைகளில் போய்வருகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. இந்தமுறை முழுப் பகுதியும் அந்தக் குதிரைக்கே.

கே: உடம்பெல்லாம் பொட்டு இருந்தால் அது அப்பலூசாதானே?

ப: அவசரப்படாதீர்கள். டென்மார்க்கின் நாப்ஸ்ட்ரப்பர் குதிரைக்கும் பொட்டு உண்டு. பொட்டே இல்லாமல் பிறக்கும் அப்பலூசாவும் உண்டு. மூக்கையும் கண்ணையும் சுற்றிப் புள்ளி தெளித்தது போன்ற தோல், கருவிழியைச் சுற்றித் தெரியும் வெள்ளை, மேலிருந்து கீழாகக் கோடு ஓடும் குளம்பு ஆகிய மூன்றும் அப்பலூசாவின் அடையாளங்கள். ஆனால் இவையும் அதற்கு மட்டுமே உரியவை அல்ல. இனத்தை உறுதி செய்வது வம்சாவளிப் பதிவுதான். அந்தப் பதிவை வைத்திருக்கும் அப்பலூசா குதிரைச் சங்கம் 1938இல் தொடங்கியது. தலைமையகம் ஐடஹோவின் மாஸ்கோ நகரத்தில். ஐடஹோவின் மாநிலக் குதிரையும் 1975 முதல் இதுதான்.

கே: வாங்கியபோது இருந்த நிறம் இப்போது இல்லை, வெளுத்துக்கொண்டே போகிறது என்று அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை சொல்கிறாள். நோயா?

ப: நோயில்லை. பல அப்பலூசாக்களுக்கு வயது ஏற ஏற உடல் வெளுத்து, எலும்பு மேடிட்ட இடங்களில் மட்டும் கருமை தங்கும். ஆண்டுதோறும் ஒரு படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். குதிரை தொலைந்துபோனால் பழைய படத்தை வைத்துத் தேட முடியாது.

கே: எனக்குப் பத்து வயது. நானே தனியாக ஒரு அப்பலூசா ஓட்டலாமா?

ப: ஓட்டலாம் தம்பி, மூன்று நிபந்தனை. குதிரைக்கு உன்னைவிட வயது அதிகமாக இருக்க வேண்டும்; பன்னிரண்டு, பதினைந்து வயதுக் குதிரை பார்க்காத பாதையும் இல்லை, கேட்காத சத்தமும் இல்லை. தலைக்கவசம் இல்லாமல் அங்கவடியில் கால் வைக்கக் கூடாது. வாலில் சிவப்பு ரிப்பன் கட்டிய குதிரையின் பின்னால் போகவே கூடாது. அந்த ரிப்பன் அழகுக்குக் கட்டியதில்லை. இது உதைக்கும் குதிரை என்று அதன் சொந்தக்காரர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் எச்சரிக்கை.

கே: அப்பலூசா சாதுவான இனம் என்கிறார்கள். நம்பலாமா?

ப: இனத்தை நம்பாதீர்கள், குதிரையை நம்புங்கள்.

கே: ஒரு நாளில் எவ்வளவு தூரம் போக முடியும்?

ப: நடையில் ஒரு குதிரை மணிக்கு ஆறு கிலோமீட்டர் சுமாராகப் போகும். ஓட்டிப் பழகிய பெரியவர்கள் மலைப்பாதையில் ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் வரை போய்விடுவார்கள். பிள்ளைகளோடு போனால் அதில் பாதி போதும். தூரத்தைவிட எடை முக்கியம். ஆள், சேணம், பை எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது குதிரைக்காரர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. 450 கிலோ குதிரை என்றால் 90 கிலோ. அப்பாவின் எடை 85 என்றால், சேணம் ஏறியதுமே கணக்கு உடைந்துவிட்டது. அவருக்குப் பெரிய குதிரை தேடுங்கள், அல்லது அவர் ஏற்றத்தில் இறங்கி நடக்கட்டும்.

கே: ராத்திரி நிலவொளியில் குதிரைச் சவாரி போக எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆசை. அப்பலூசா ஏற்றதா?

ப: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்காமலே இருட்டில் புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பலூசாவுக்குப் பொட்டைத் தரும் மரபணு மாற்றமே கண்ணின் வேலையிலும் கைவைக்கிறது. அந்த மாற்றம் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வந்துவிட்டால், அந்தக் குதிரை பிறவியிலேயே மாலைக்கண் உடையது. பகலில் குறை தெரியாது. பொழுது சாய்ந்தால் அதற்குப் பாதை இல்லை.

பார்வைக்கே ஓரளவு பிடிபடும். வெள்ளை உடம்பில் நிறையப் பொட்டு இருந்தால் பெரும்பாலும் ஒரு பிரதிதான். வெள்ளை பரவியும் பொட்டு அநேகமாக இல்லாமல் இருந்தால் இரண்டு பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊகத்தோடு நிறுத்த வேண்டாம். பிடரியில் வேரோடு சில மயிர்களைப் பிடுங்கி அனுப்பினால் மரபணுச் சோதனை செய்து சொல்லிவிடுவார்கள். மாலைக்கண் குதிரையை விற்கவோ ஒதுக்கவோ தேவையில்லை. பகலில் ஓட்டுங்கள், இருட்டுமுன் முகாமுக்குத் திரும்புங்கள், ராத்திரியில் அறிமுகமில்லாத இடத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். நிலவொளிச் சவாரி மட்டும் அதற்கு வேண்டாம்.

கே: குதிரையின் ஒரு கண்ணில் நீர் வடிகிறது. பயணம் முடிந்து டாக்டரிடம் போனால் போதுமா?

ப: போதாது. அன்றைக்கே போக வேண்டும். திரும்பத் திரும்ப வரும் கண் அழற்சி ஒன்று குதிரைகளுக்கு உண்டு. மற்ற இனங்களைவிட அப்பலூசாவுக்கு அது வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். கண்ணைச் சுருக்குவது, வெளிச்சத்துக்குக் கூசுவது, நீர் வடிவது எல்லாம் அதன் தொடக்கமாக இருக்கலாம். ஒவ்வொரு தாக்குதலும் பார்வையில் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும். வெயிலிலும் ஈ மொய்க்கும் இடங்களிலும் போகும்போது கண்ணுக்கு வலைமுகமூடி போடுங்கள். மூக்கின் இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் வெந்துபோகும், அதையும் கவனியுங்கள். பிள்ளைகளுக்குத் தினம் காலையில் குதிரையின் இரண்டு கண்ணையும் பார்க்கும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பெரியவர்களைவிட அவர்கள் சரியாகச் செய்வார்கள்.

கே: காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும்போது குதிரையை எங்கே கட்டுவது? மரத்தில் கட்டினால் ஆகாதா?

ப: ராத்திரி முழுக்க மரத்தில் கட்டினால் மரத்தின் பட்டை போகும், வேரைச் சுற்றிய மண்ணும் போகும். அகலமான நாடாவை இரண்டு மரங்களில் சுற்றி, குதிரையின் தலைக்கு மேல் உயரத்தில் குறுக்கே ஒரு கயிறு இழுத்து, அதில் இடைவெளி விட்டுக் கட்டுவதுதான் முறை. நீர்நிலையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளிக் கட்ட வேண்டும். கிளம்பும்போது சாணத்தைக் கலைத்துப் பரப்பிவிட வேண்டும். அடுத்து வருகிறவர்களுக்கு நீங்கள் தங்கிய அடையாளம் தெரியக் கூடாது.

தீவனம் இன்னொரு சங்கதி. ஓரிகன், வாஷிங்டன், ஐடஹோ பக்கத்துத் தேசிய வனங்களில் களைவிதை இல்லை என்று சான்று பெற்ற உலர்புல்லைத்தான் கொண்டுபோகலாம். காரணம் நியாயமானது: குதிரை தின்ற விதை வயிற்றைத் தாண்டி முளைக்கும், ஒரு பள்ளத்தாக்கையே களை பிடித்துவிடும். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே சான்று பெற்ற புல்லைக் கொடுங்கள். அது காட்டுக்கும் நல்லது, குதிரைக்கும் நல்லது. தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் குதிரைக்கு வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் வயிற்றுவலி உயிர்போகும் வலி. தண்ணீரையும் மறக்காதீர்கள். சாதாரண நாளிலேயே ஒரு குதிரை இருபதிலிருந்து நாற்பது லிட்டர் வரை குடிக்கும், ஏற்றம் ஏறிய வெயில் நாளில் இன்னும் கூட. டிரெய்லரில் கொண்டுபோகும்போதும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

கே: கரடி வந்தால்?

ப: கரடியைவிட மண்ணில் கூடு கட்டும் குளவிக்குப் பயப்படுங்கள். கோடை முடியும் மாதங்களில் முன்னால் போகும் குதிரை கூட்டை மிதித்துவிட்டுப் போய்விடும். கொட்டு வாங்குவது பின்னால் வரும் பிள்ளைகளின் குதிரை. பார்த்தவர் உரக்கக் கத்த வேண்டும், எல்லோரும் நிற்காமல் வேகமாக நகர வேண்டும். இதைக் கிளம்புமுன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கரடியைப் பொறுத்தவரை, குதிரையின் காதைப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே பக்கம் விறைத்து நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள்.

கே: தலைவர் ஜோசப் பாதைச் சவாரி என்று எழுதியிருந்தீர்கள். அது என்ன, யார் வேண்டுமானாலும் போகலாமா?

ப: அப்பலூசா வைத்திருப்பவர்கள் போகலாம், வேறு இனக் குதிரைக்கு இடமில்லை. 1965இல் அப்பலூசா சங்கம் தொடங்கிய சவாரி. அமெரிக்கப் பூர்வகுடிகளான நெஸ் பெர்ஸ் மக்கள், தங்கள் தலைவர்களில் ஒருவரான ஜோசப்போடு 1877இல் அமெரிக்கப் படையிடமிருந்து தப்பிப் போன பாதையை, ஆண்டுக்குச் சுமார் நூறு மைல் வீதம், ஐந்து நாளில் ஓட்டுகிறார்கள். ஓரிகனின் வல்லோவாவில் தொடங்கி மொன்டானாவின் பேர் பா போர்க்களம் வரை போய்ச்சேரப் பதின்மூன்று ஆண்டு. பிறகு மறுபடி முதலிலிருந்து. எட்டு வயதில் அப்பா அம்மாவோடு முதல் பகுதியை ஓட்டிய பிள்ளை கடைசிப் பகுதியை ஓட்டும்போது இருபது வயது இளைஞன். ஏழு வயதுக் குதிரைக்குப் பத்தொன்பது ஆகியிருக்கும். ஒரு குடும்பம் ஒரே குதிரையோடு இதை முடிப்பதைவிடப் பெரிய பயணம் எனக்குத் தெரியவில்லை.

கே: ஒரு இனத்தையே விரட்டியடித்த பாதையில் உல்லாசப் பயணமா? எனக்கு உறுத்துகிறது. (வரலாற்று ஆசிரியை ஒருவரின் கேள்வி)

ப: உறுத்த வேண்டும் அம்மா. உறுத்தாமல் போகிறவர்கள் போகாமலே இருக்கலாம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1855இல் அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டு நெஸ் பெர்ஸ் மக்களுக்கு ஒதுக்கிய நிலத்தை, தங்கம் கிடைத்ததும் 1863இல் பெருமளவு சுருக்கினார்கள். ஜோசப்பின் தந்தை அந்த 1863 ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 1877 மே மாதம், முப்பது நாளுக்குள் வல்லோவாவை விட்டு வெளியேற வேண்டும் என்று அமெரிக்கப் படையின் ஜெனரல் ஹோவர்ட் கெடு வைத்தார். பனி உருகி வெள்ளம் போன ஸ்னேக் ஆற்றைக் கிழவிகளும் கைக்குழந்தைகளும் குதிரை மந்தையோடு கடந்தார்கள். ஜூன் 17 அன்று வொயிட் பேர்ட் பள்ளத்தாக்கில் போர் மூண்டது. அதன்பின் சுமார் 750 பேர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், 1,170 மைல் போனார்கள். ஆகஸ்ட் 9 விடியலில் பிக் ஹோலில் தூங்கிக்கொண்டிருந்த கூடாரங்களைப் படை சுட்டது. அங்கிருந்து யெல்லோஸ்டோன் வழியாக வடக்கே ஏறினார்கள். கனடா எல்லைக்கு நாற்பது மைல் இருக்கும்போது சுற்றிவளைக்கப்பட்டார்கள். அக்டோபர் 5 அன்று ஜோசப் சரணடைந்தார். ஒரு பகுதியினர் மட்டும் எல்லை தாண்டினார்கள். சரணடைந்தவர்களின் குதிரைகளைப் படை எடுத்துக்கொண்டது. ஜோசப்பை வல்லோவாவில் குடியிருக்கக் கடைசிவரை விடவில்லை. 1904இல் வாஷிங்டன் மாநிலத்தின் கோல்வில் ஒதுக்கீட்டில் இறந்தார்.

இத்தனை தூரம் ஒரு சமூகத்தையே சுமந்த, அப்பலூசாவின் முன்னோர்களான குதிரைகள் தற்செயலாக அமைந்தவை அல்ல. நெஸ் பெர்ஸ் மக்கள் தேறாத ஆண்குதிரைகளைக் காயடித்து, தேர்ந்தவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்கு விட்டார்கள். 1806இல் அங்கே தங்கிய அமெரிக்க ஆய்வுப்பயணி மெரிவெதர் லூயிஸ், காயடிப்பதில் தங்கள் முறையைவிட அவர்கள் முறையே மேல் என்று நாட்குறிப்பில் எழுதினார். அவர் பார்த்தவற்றில் சிலவே பொட்டுக் குதிரைகள். பெரும்பாலானவை ஒற்றை நிறம். ஆகவே அவர்கள் நிறத்துக்காக வளர்த்தார்கள் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். காலுக்காகவும் மூச்சுக்காகவும் வளர்த்தார்கள்.

போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். முகாமில் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் போகக் கூடாது என்பேன். நெஸ் பெர்ஸ் மக்கள் வரலாற்றில் மட்டும் இருப்பவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990களில் அப்பலூசாவையும் துருக்மெனிஸ்தானின் அக்கல் டெக்கே குதிரையையும் சேர்த்து நெஸ் பெர்ஸ் குதிரை என்ற புதிய இனத்தை அவர்களே உருவாக்கத் தொடங்கினார்கள்.

கே: பொட்டுக் குதிரை அமெரிக்காவில்தான் முதலில் தோன்றியதா?

ப: இல்லை. பிரான்சின் பெஷ் மெர்ல் குகைச் சுவரில் பொட்டுக் குதிரைகளை வரைந்து சுமார் 25,000 ஆண்டுகள் ஆகின்றன. கற்பனை ஓவியம் என்று பலர் நினைத்தார்கள். பழைய குதிரை எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, அந்தக் காலத்திலேயே பொட்டுக் குதிரைகள் இருந்தன என்று காட்டியது. ஓவியர் பார்த்ததை வரைந்திருக்கிறார்.

கே: சினிமாவில் அப்பலூசா உண்டா?

ப: 1966இல் இரண்டு. ‘எல் டொராடோ’வில் ஜான் வெயின் ஏறி வருவார். மார்லன் பிராண்டோ நடித்த படத்தின் பெயரே ‘தி அப்பலூசா’. திருட்டுப்போன குதிரையைத் தேடிப் போகும் கதை.

கே: ஒன்று வாங்கிவிடலாமா?

ப: குதிரை 25 ஆண்டு, சில 30 ஆண்டு வாழும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் பார்க்க வேண்டும். நாளுக்கு ஒன்பது, பத்து கிலோ உலர்புல் வேண்டும். பிள்ளை கல்லூரிக்குப் போனபின் அதைக் கவனிக்கப்போவது யார் என்ற கேள்விக்கு வீட்டில் பதில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஓராண்டு வாடகைக்கு ஓட்டிப் பாருங்கள்.

கே: அடுத்த கோடையில் சியாட்டிலில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். குதிரை ஏற எங்களுக்கு வயதில்லை. பார்க்க மட்டும் எங்கே போகலாம்?

ப: ஐடஹோவின் மாஸ்கோவில் அப்பலூசா அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்பால்டிங். நெஸ் பெர்ஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பார்வையாளர் மையம் அங்கே. நேரம் மிச்சமிருந்தால் ஓரிகனின் ஜோசப் ஊருக்கும் போங்கள்; வல்லோவா ஏரிக்கரையில் ஜோசப்பின் தந்தையின் கல்லறை இருக்கிறது. முதலில் ஸ்பால்டிங்கைப் பார்த்துவிட்டுப் பிறகு குதிரைகளைப் பாருங்கள். பேரப்பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.