எலுமிச்சம்பழமும் 32 பிட்டும்

இடம்: பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மைக்செட் கடை. சித்திரைக் கோயில் கொடைகள் ஓய்ந்து, சாமான்கள் மண்ணும் மஞ்சளுமாகத் திரும்பி வந்திருக்கும் மத்தியானம். பேசுகிறவர்கள் இரண்டு பேர். கடைக்கார அண்ணாச்சி வில்லுப்பாட்டுக்கு மைக் கட்டியே தலை நரைத்தவர். தம்பி பெருமாள்புரத்தில் வீட்டிலிருந்தே பெங்களூர்க் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவன். அவன் தோளில் ஒரு பை. பைக்குள் துணி சுற்றிய கறுப்புப் பெட்டி.

தம்பி: அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேக்கதுக்கு ஒரு டிஏசி வாங்கலாம்னு இருக்கேன். இது சிநேகிதன்ட்ட டிரையலுக்கு வாங்கினது. விலை 42,000.

அண்ணாச்சி: அந்தத் துட்டுக்கு ரெண்டு பாக்ஸ் வாங்கி வாடகைக்கு விட்டுருவேனே. அது என்னலே செய்யும்?

தம்பி: கம்ப்யூட்டருக்குள்ள பாட்டு வெறும் நம்பராத்தான் கெடக்கு. அத கரண்டா மாத்தி ஹெட்போனுக்குத் தருது.

அண்ணாச்சி: இப்ப ஒனக்குப் பாட்டு கேக்கலியா?

தம்பி: கேக்கு. உள்ளயே சின்னதா ஒரு டிஏசி இருக்கு. ஆனா அது சாதா. இது 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்.

அண்ணாச்சி: சிடி எவ்வளவு?

தம்பி: 1982-ல வந்த சரக்கு அண்ணாச்சி. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஆகச் சின்னச் சத்தத்துக்கும் ஆகப் பெரிய சத்தத்துக்கும் நடுவுல 96 டெசிபல்தான் எடம். 24 பிட்டுன்னா 144. 32 பிட்டுன்னா கணக்குப்படி 192.

அண்ணாச்சி: ஒன் ரூம்ல காத்தாடி ஓடுமா?

தம்பி: பாளையங்கோட்டையில காத்தாடி இல்லாம எப்படி இருக்க?

அண்ணாச்சி: அந்தக் காத்தாடியே 40 டெசிபல் போடும். அதுக்கு மேல 96 ஏத்துனா காது கிழிஞ்சிரும். 192 ஏத்துனா ஆளே இருக்க மாட்டான். ஒனக்கு எதுக்குலே?

தம்பி: நிசமா 192 வராது. எந்தப் பெட்டியும் 21, 22 பிட்டுக்கு மேல சுத்தமாத் தராது. பார்ட்ஸ் சூட்டுலயே இரைச்சல் வந்துரும்.

அண்ணாச்சி: அப்ப மிச்ச 10 பிட்டு?

தம்பி: அது... அட்டையில இருக்கும்.

அண்ணாச்சி: சரி. 768?

தம்பி: அதுல பாதி, 384 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் சத்தம் எடுக்கும்.

அண்ணாச்சி: மனுசனுக்கு 20-க்கு மேல கேக்காது. கோயில் வவ்வாலுக்கே அவ்வளவு வேண்டாம். அதுல நீ என்னதான் பாட்டுக் கேக்கே?

தம்பி: காருகுறிச்சி அருணாசலம் நாயனம்.

(அண்ணாச்சி கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். சேரன்மாதேவி ரோட்டில் காருகுறிச்சியைத் தாண்டும்போதெல்லாம் வேன் பாட்டை மாற்றுகிறவர் அவர்.)

அண்ணாச்சி: எந்தப் பாட்டு?

தம்பி: 'கொஞ்சும் சலங்கை'. ஜானகியம்மா பாட, கூட இவரு வாசிக்கது.

அண்ணாச்சி: 1962-ல வந்த படம். ரெண்டு வருசத்துல மனுசன் போய்ச் சேந்துட்டாரு, 43 வயசுல. லே, அது மோனோ. படச்சுருள் ஓரத்துல வெளிச்சத்தால எழுதுன சத்தம். 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல அதுல ஒண்ணும் கெடையாது. இருந்தா அது ரெக்கார்டு தேஞ்ச கிர்ச் சத்தம். 42,000 குடுத்து அந்தக் கிர்ரக் கேக்கப் போறியா?

தம்பி: அந்தக் கிர்ரும் துல்லியமா வரும்லா.

அண்ணாச்சி: வரும். நல்லா வரும்.

தம்பி: கிண்டல் பண்ணாதீங்க. உள்ள இருக்க சிப்புல விசயம் இருக்கு. ஜப்பான் ஏகேஎம் சிப்புன்னா சவுண்டு மெதுவா, இதமா இருக்கும். வெல்வெட் சவுண்டுன்னே அதுக்குப் பேரு. அமெரிக்கா இஎஸ்எஸ் சிப்புன்னா கூரா இருக்கும். அதுக்குப் பேரு சேபர், வாளு.

அண்ணாச்சி: ஆரெம்கேவியில துணி எடுக்க வந்தவன் மாதிரியில்லா பேசுதே. யாரு வச்ச பேரு?

தம்பி: கம்பெனிதான்.

அண்ணாச்சி: பாத்தியா.

தம்பி: இல்ல, 2020 அக்டோபர்ல ஜப்பான்ல நொபெயோக்காங்கிற ஊர்ல ஏகேஎம் பாக்டரி எரிஞ்சு போச்சு. சிப்புக்குத் தட்டுப்பாடு. நெறையக் கம்பெனி அதே பெட்டியில இஎஸ்எஸ் சிப்ப வச்சு வித்தாங்க.

அண்ணாச்சி: வெல்வெட்டக் காணோம்னு வாங்குனவன் யாராவது அழுதானா?

தம்பி: அழுதாங்க. பெட்டிக்கு மேல மாடல் நம்பர் மாறியிருந்துச்சுலா.

(இதற்கு நடுவில் எம்கியூஏ என்ற பாட்டுக் கோப்பு வடிவம் இன்னொரு மகிமையாக வந்து போனது. அதன் பாட்டு ஓடினால் பெட்டியில் தனி நிறத்தில் விளக்கு எரியும். அதற்காகவே வாங்கினவர்கள் உண்டு. 2023-ல் அந்தக் கம்பெனி நொடித்துப்போய் நிர்வாகி கைக்குப் போனது. அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான்: "விளக்கு இன்னும் எரியுதா?")

தம்பி: நீங்க மட்டும் யோக்கியமா அண்ணாச்சி? கொடைக்கு சாமான் எறக்குனதும் ஆம்ப்ளிபயர் தலையில எலுமிச்சம்பழத்த அறுத்து வச்சு குங்குமம் தடவுதீங்க. அதனால டிரெபிள் கூடுதா?

அண்ணாச்சி: கூடாது. ஆனா பழம் 5 ரூவா. அதயும் கோயில்லயே குடுத்துருவான். ஒன் பையில வயர் ஒண்ணு தொங்குதே, தங்க முலாம், அது எவ்வளவு?

தம்பி: யுஎஸ்பி கேபிள். 6,000.

அண்ணாச்சி: நம்பரக் கொண்டுபோற வயருக்கா? தங்கத்துல போனா 7 எட்டாயிருமோ?

தம்பி: (சற்று நேரம் கழித்து) ஜிட்டர், அதான் நம்பர் வார நேரத்துத் தடுமாத்தம், குறையும்னு...

அண்ணாச்சி: சவத்தத் தள்ளு. மொதல்ல இதச் சொல்லு. இருக்கதுல என்ன கொறைன்னு இதத் தேட ஆரம்பிச்சே? ஆசையில வந்தியா, ஏதும் கோளாறா?

தம்பி: கோளாறுதான். மவுஸ நகத்துனா ஹெட்போன்ல கிர்ர்ருனு ஒரு சத்தம். கேம் ஓடுனா வீல்னு கத்தும்.

அண்ணாச்சி: ஹெட்போன எங்கன சொருகுதே? பெட்டிக்கு முன்னாலயா, பின்னாலயா?

தம்பி: முன்னால. கைக்கு எட்டும்லா.

அண்ணாச்சி: இத வந்த ஒடனே சொல்லியிருந்தா வேற சோலி பாத்திருப்பேன். முன்பக்க ஜாக்குக்கு உள்ள ஒரு ஒல்லி வயர் ஓடும். கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை எல்லாத்தையும் ஒரசிக்கிட்டே வரும். அதுக தும்முனா இது பாடும். மொதல்ல பின்னால போர்டுலயே சொருகிப் பாரு. அப்பயும் கேட்டா டிஏசிய கம்ப்யூட்டருக்கு வெளிய கொண்டுவரணும். தனி டிஏசிக்கு நிசமான காரணம்னா இதுதான்.

தம்பி: அப்ப நான் வாங்குறது சரிதான?

அண்ணாச்சி: வெளிய வரணும்னேன். 42,000-த்துக்கு வரணும்னா சொன்னேன்? (மேசை டிராயரைத் திறந்து, விரல் நீளத்தில் வெள்ளை வயர் ஒன்றை எடுக்கிறார்.) இது ஆப்பிள்காரன் ஜாக்கப் புடுங்கிட்டு விக்க யுஎஸ்பி-சி வயர். 1,000 ரூவாக்குப் பக்கம். உள்ள டிஏசி இருக்கு. நாங்க கொடையில லேப்டாப்புல இருந்து மிக்சருக்குப் பாட்டு எடுக்கது இதுலதான். ஊரே ஆடுது.

தம்பி: இதுவா? இது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்தான்! ரெண்டையும் நான் மாத்தி மாத்திக் கேட்டுருக்கேன். பெட்டியில அப்படியே கதவு தெறந்த மாதிரி இருக்கும்.

அண்ணாச்சி: வா, அந்தக் கதவ அளப்போம்.

(லேப்டாப்பில் 100 ஹெர்ட்ஸ் டோனை முழுச் சத்தத்தில் ஓடவிட்டார். ஜாக் பின்னின் நுனியில் ஒரு புரோப், அடிப்பகுதியில் ஒரு புரோப். மல்டிமீட்டர் ஏசி வோல்ட்டில். வெள்ளை வயர் காட்டியது 1.0. கறுப்புப் பெட்டி காட்டியது 2.0.)

அண்ணாச்சி: ரெண்டு மடங்கு வோல்ட்டு. 6 டெசிபல் கூட. இத விட எளிசா ஒரு வித்தை கெடையாதுலே. சத்தம் ஒரு சொட்டுக் கூடுனாலே பாஸ் நல்லாருக்கு, குரல் தெளிவாருக்குன்னுதான் காது சொல்லும். கொடையில எதிர்க்கடைக்காரன் செட்ட மட்டந்தட்ட நாங்க செய்யதும் அதான். இப்ப பெட்டி வால்யூமத் திருகி இதையும் 1.0-வுக்குக் கொண்டு வாரேன். கண்ண மூடு. எதுல கதவு தெறக்குன்னு சொல்லு.

தம்பி: வேண்டாம் அண்ணாச்சி.

அண்ணாச்சி: ஏம்லே?

தம்பி: வால்யூமக் குறைச்சுக் கேக்கது அந்தப் பெட்டிக்கு மரியாதை இல்ல.

அண்ணாச்சி: அப்படிப் போடு!

தம்பி: இன்னொண்ணும் சொல்லிருதேன். 2007-ல அமெரிக்காவுல மேயர், மோரன்னு ரெண்டு பேரு இதே சோதனையப் பண்ணிருக்காங்க. ஒசந்த தரப் பாட்ட அப்படியே போட்டும், நடுவுல சிடி தரத்துக்கு எறக்கிப் போட்டும் கேக்க விட்டாங்க. 554 தடவை. சரியாச் சொன்னது 276.

அண்ணாச்சி: காசச் சுண்டிப் போட்டாலும் அதான் வரும். இதத் தெரிஞ்சுக்கிட்டுமா இங்க வந்தே?

தம்பி: அவங்ககிட்ட இந்தக் கேபிள் இல்லியே அண்ணாச்சி.

(நியாயமாக இங்கே அண்ணாச்சி எழுந்து போயிருக்க வேண்டும். டீ சொன்னார்.)

அண்ணாச்சி: ஒன் ஹெட்போன் என்னது? எத்தன ஓம்?

தம்பி: சென்ஹைசர் எச்டி 650. 300 ஓம். பின்பக்கம் தெறந்தது.

அண்ணாச்சி: நல்ல சாமான். இதத்தான் மொதல்ல கேட்டிருக்கணும். நாயனக்காரரு கச்சேரிக்கு முந்தி வாயில வைக்க சீவாளியத்தான் மாத்தி மாத்தி ஊதிப் பாப்பாரு, நாயனத்த மாத்த மாட்டாரு. ஒனக்கு அந்த சீவாளி ஹெட்போன்தான். அது மாறுனா சத்தமே மாறும். 300 ஓமுன்னா கரண்டு கொஞ்சம் போதும், வோல்ட்டு வேணும். 1 வோல்ட்டுக்கு எவ்வளவு சத்தம்னு போட்டிருக்கான்?

தம்பி: 103 டெசிபல்.

அண்ணாச்சி: அப்ப இந்த வெள்ளை வயரே தாராளம். நாளைக்கு 32 ஓம் ஹெட்போன் வாங்குனா ஒண்ணே ஒண்ணு பாத்துக்க. பெட்டியோட அவுட்புட் ஓம் அதுல எட்டுல ஒரு பங்கு, அதாவது 4 ஓமுக்குக் கீழ இருக்கணும். இல்லன்னா பாஸ் கொழகொழன்னு ஆயிரும். பிட்டெல்லாம் அதுக்குப் பொறவு. ஆமா, விண்டோஸ்ல சவுண்ட் செட்டிங்ல 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்'னு ஒண்ணு உண்டுமே, அத அணைச்சுட்டியா?

தம்பி: ... பாஸ் பூஸ்ட் போட்டு வச்சிருக்கேன்.

அண்ணாச்சி: 32 பிட்டுக்குப் பாஸ் பூஸ்ட்டு! ஒரு லெமன் வைக்கட்டுமா?

தம்பி: நீங்க பேசுதீங்க. 30 வருசமா கூம்புக் குழாய்க்கு அடியில நின்னவருக்கு டிரெபிள் கேக்குமா?

அண்ணாச்சி: கேக்காது. 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல எனக்கு எல்லாம் இருட்டு. டாக்டரே சொல்லிட்டாரு. இப்ப கூம்புக் குழாய்க்குத் தடை, பாக்ஸ்தான். ஆனா போன காது போனதுதான். நீ அந்தப் பெட்டிய வாங்கு, வாங்காமப் போ, துட்டு ஒன்னுது. வாங்குனா அது ரெண்டு வோல்ட்டுல அலறும், அத மட்டும் மறந்துராத. 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரந்தான் கேக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. அதுக்கு மேல சத்தம் ஏற ஏற நேரம் மளமளன்னு கொறையும்.