எங்கள் வீட்டுக் கொதிகலனுக்கும் ஒரு பதிவெண் வேண்டி

அனுப்புநர்: ஒரு பழைய கீசரின் உரிமையாளர், வடக்கனந்தல், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்: இயக்குநர் அவர்கள், கொதிகலன்கள் இயக்குநரகம், சென்னை.

பொருள்: உறுமுகிற, ஆனால் தண்ணீர் தராத கீசரைக் கொதிகலனாக அறிவித்து ஆய்வு செய்யக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

எங்கள் குளியலறைச் சுவரில் 25 லிட்டர் கீசர் ஒன்று தொங்குகிறது. அதன் உத்தரவாத அட்டையில் எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஆகவே, அது மாவட்டத்துக்கே மூத்தது என்ற மரியாதையுடன் இம்மனுவைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

சுவிட்சைப் போட்டால் அது உறுமுகிறது. "உள்ள யாரோ சரளைக் கல்ல உருட்டுறாங்கடா" என்கிறார் அம்மா. அவ்வளவு சத்தத்துக்கும் ஷவரில் வருவது நூல் நூலாக நாலு இழை. மார்கழியில் கல்வராயன் மலைக் காற்று இறங்கும்போது அந்த நாலு இழையில் ஒரு தோளை நனைப்பதற்குள் மறு தோள் காய்ந்துவிடுகிறது.

கம்பெனியின் சேவை மையத்துக்குப் போன் செய்தோம். தமிழுக்கு ஓர் எண், புகாருக்கு ஓர் எண், பிறகு நெடுநேரம் வீணை இசை. கடைசியில் வந்த தம்பி, "மெஷின் நல்லாதான் சார் இருக்கு, உங்க தண்ணிதான் சரியில்ல" என்றார். பிளம்பரோ, "தண்ணி என்னாண்ணே பண்ணும், மெஷின்தான் போச்சு" என்றார். தண்ணீரைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில், "போர் தண்ணின்னா உப்பு இருக்கத்தான் செய்யும்" என்று பூமியைக் கை காட்டினார்கள். பூமிக்கு வாடிக்கையாளர் எண் இல்லை.

மூவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்பதுதான் வேதனை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூடேறும்போது பிரிந்து ஹீட்டர் கம்பியின் மேல் வெள்ளைக் காரையாகப் படிகின்றன. காரைக்கும் கம்பிக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர் அங்கேயே கொதித்து, குமிழாகி, வெடித்துக்கொண்டு வெளியேறுகிறது. உறுமல் அதுதான். உதிரும் காரைத் துணுக்குகள் வெந்நீர் போகும் வழியையும் ஷவர் துளைகளையும் அடைக்கின்றன. பச்சைத் தண்ணீர்க் குழாயில் வேகம் சரியாக இருந்து வெந்நீரில் மட்டும் குறைந்தால் கோளாறு கீசர் பக்கம். இரண்டிலும் குறைந்தால் மாடித் தொட்டியிலோ, வால்விலோ, குழாயில் அடைத்த காற்றிலோ. எங்களுக்கு முதல் வகை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1923இன் கொதிகலன் சட்டம் போய் 2025இல் புதுச் சட்டம் வந்தது. எது கொதிகலன் இல்லை என்பதில் மட்டும் பழைய கணக்கே தொடர்கிறது. கொள்ளளவு 25 லிட்டருக்குக் கீழே இருந்தால் இல்லை. எங்களுடையது சரியாக 25. காரை எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று தயவுசெய்து தோண்டித் துருவ வேண்டாம். வடிவமைப்பு அழுத்தமும் இயங்கு அழுத்தமும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் கீழே இருந்தால் இல்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் 1 கிலோ அழுத்தம். எங்கள் மாடித் தொட்டியின் உயரத்துக்கு அதில் பாதிகூட இல்லை. ஆனால் கீசரின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் 8 கிலோ என்று அச்சடித்திருக்கிறது. தாளில் இருப்பது தரையில் இல்லை என்பதற்காக அரசு இதுவரை எதையும் தள்ளுபடி செய்ததில்லை என்ற தைரியத்தில் இதையும் சமர்ப்பிக்கிறேன்.

மூன்றாவது, தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழே சூடாக்கினால் இல்லை. இங்கேதான் தங்கள் கருணை வேண்டும். தெர்மோஸ்டாட் என்ன சொன்னாலும் காரைக்கு அடியில் தண்ணீர் கொதிக்கிறது, உறுமலே சாட்சி. கீசராகப் பிறந்து, சொந்த முயற்சியால் கொதிகலனாக உயர்ந்த ஒன்றை வீட்டுப் பொருள் என்று ஒதுக்குவது நியாயமா?

பக்கத்திலேயே கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆலைக் கொதிகலனுக்குப் பதிவெண் உண்டு, ஆண்டுதோறும் ஆய்வு உண்டு, பக்கத்தில் நிற்கத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்ற ஆள் உண்டு. கரும்புச் சக்கை சாப்பிட்டாலும் அது குடிப்பது உப்பு நீக்கிய தண்ணீர்தான். கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்கிறது மனிதர்களுக்கான இந்தியத் தரநிர்ணயம். அந்த 600ஐ ஆலைக் கொதிகலனுக்கு ஊற்றினால் தாங்களே ஓடி வந்து பூட்டிவிடுவீர்கள். அடுத்த பிறவி குறித்து எனக்கு ஓர் எண்ணம் உண்டாகியிருக்கிறது.

கிண்டல் இவ்வளவு போதும். கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டிக்கொண்டிருந்தது. பிளம்பர் அதற்கொரு பிளக்கை முறுக்கி, "இனிமே ஒரு சொட்டு வராதுண்ணே" என்று பெருமையாகச் சொன்னார். தெர்மோஸ்டாட் கெட்டுச் சூடு ஏறிக்கொண்டே போனால் அழுத்தம் வெளியேற இருக்கும் வழி அந்த வால்வுதான். அதை அடைத்தால் சுவரில் தொங்குவது வெடிகுண்டு. ஆலையில் ஒருவர் இதைச் செய்தால் குற்றம். வீட்டில் செய்தால் ரிப்பேர், கூலியும் உண்டு. 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் இறந்த பிறகுதான், 1864இல் வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுக்கான முதல் சட்டம் வந்தது. வீட்டுக் கீசர்களுக்கும் அந்த வரிசைப்படிதான் வரவேண்டுமா?

ஆகவே, ஓர் ஆய்வாளரை அனுப்புங்கள். அது முடியாவிட்டால், பாதுகாப்பு வால்வை அடைக்கக் கூடாது, விடாமல் சொட்டினால் மாற்ற வேண்டும் என்று ஒரே ஒரு வரியைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு கீசரிலும் ஒட்டச் செய்யுங்கள். ஒட்டுகிற தாளுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

பிளக்கைக் கழற்றிப் புது வால்வு போட்டாயிற்று. காரை சுரண்டும்வரை கீசரின் சுவிட்ச் அணைந்தே இருக்கும்.

இப்படிக்கு,
விறகடுப்பில் வெந்நீர் போடும் மனுதாரர்

இணைப்பு: உத்தரவாத அட்டை நகல் 1, கழற்றிய பிளக் 1, உப்புக் காரை, ஒரு பொட்டலம்.