தங்கம் லண்டனுக்கு, மண் நமக்கு

கோலார் தங்கவயலை வைத்து 2018-ல் வந்த சினிமாவைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவர்கள் தாடி வைத்த ஒரு ஆளைத் தேடுவார்கள். வீண் வேலை. நிஜக் கதையின் பெரிய மனிதர்கள் யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. லண்டனில் உட்கார்ந்து பங்குப் பத்திரம் விற்றார்கள். அதில் ரத்தக்கறை படியாது.

கதையைத் தொடங்கி வைத்தவர் வாரன் என்ற ராணுவ அதிகாரி. திப்பு வீழ்ந்த பிறகு, மைசூர் எல்லையை அளக்க 1802-ல் இந்தப் பக்கம் வந்தார். தங்கம் இருப்பதாக வதந்தி கேட்டதும் அளவுச் சங்கிலியை மறந்துவிட்டார். காட்டுபவருக்குப் பரிசு என்றார். கிராமத்தார் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரிலேயே அலசிப் பொடித் தங்கத்தைக் காட்டினார்கள். பல தலைமுறையாக அவர்கள் செய்துவந்ததை வாரன் எழுதி வைத்தார். கண்டுபிடிப்பு அவர் கணக்கில் ஏறிவிட்டது.

அந்தக் குறிப்பை 1871-ல் படித்தவர் லவெல். நியூசிலாந்தில் சண்டை போட்டுவிட்டு பெங்களூரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த அயர்லாந்துக்காரர். ஓய்வும் புத்தகமும் சேர்ந்தால் என்ன ஆபத்து வரும் என்பதற்கு இவரே சாட்சி. மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டினார். காசு கரைந்தது. உரிமையை விற்றுவிட்டார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் ஆழத்தில் செல்வம் சிக்கியது. லவெலுக்கு பெங்களூரில் அவர் பெயரில் ஒரு சாலை மிஞ்சியது. இன்று அங்கே ஒரு கிரவுண்டு வாங்க, ஒரு சுரங்கமே வேண்டும்.

தோண்டியவர்கள் யார்? வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலும் தலித் மக்கள். துரைமார்களுக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். இவர்களுக்குத் தட்டிக் குடிசைகள் நிறைந்த கூலி லைன். சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-ல் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர் இன்னும் மூன்று வருடம் இருட்டில் கிடந்தது. ராஜதானியைவிட எந்திரத்துக்கு அவசரம் அதிகம்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறை சுடும், சமயத்தில் வெடிக்கும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். மேலே வீட்டுப் பாத்திரங்கள் அதிர்ந்தால், கீழே யாருடைய பிள்ளை என்று தெரு விசாரிக்கும். தப்பித்து மேலே வந்தவரை வரவேற்றது உடல் சோதனை. 1930-ல் எல்லோருடைய கைரேகையையும் பதிய வேண்டும் என்றார்கள். தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தங்கத்தைக் கப்பலேற்றியவர்களின் கைரேகையை எவரும் கேட்டதில்லை.

1965-ல் இதே தங்கவயலின் ஆழத்தில் விஞ்ஞானிகள் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். சோதனை இல்லாமல் சுரங்கத்துக்குள் போய்வந்த ஒரே கூட்டம் இந்தத் துகள்கள்தான்.

சுதந்திரத்துக்குப் பின் சுரங்கம் அரசு கைக்கு வந்தபோது, நல்ல பங்கெல்லாம் போய்விட்டிருந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்தது 800 டன்னுக்கு மேல். எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டியது. 2001 பிப்ரவரி 28-ல் பூட்டு விழுந்தது. தண்ணீர் இறைப்பதும் நின்றது, சுரங்கங்கள் நிரம்பின.

மலையைக் கெல்லி எலியைப் பிடித்ததாகச் சொல்வார்கள். இங்கே பூமியைக் கெல்லி மலைகளையே உண்டாக்கிவிட்டார்கள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண், ஊரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கிறது. காற்றடித்தால் ஊரே அதைச் சுவாசிக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

இப்போது அந்தக் குன்றுகளிலும் மிச்சத் தங்கம் இருக்கிறதாம். அதை அலசிப் பார்க்கும் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஊர்க்காரர்களுக்கு நியாயமாக ஒரு பங்கு உண்டு: இத்தனை வருடம் நுரையீரலில் பத்திரமாகச் சேமித்து வைத்ததையாவது யாரும் ஏலம் விடாமல் இருக்க வேண்டும்.