கேள்வி – பதில்

கேள்வி: வீடற்றவர்களுக்காக டெல்லியில் வாதாடினால், பெங்களூரு கே.ஆர். மார்க்கெட் நடைபாதையில் படுத்திருப்பவருக்கு என்ன லாபம்?
– வாசகர் ஒருவர், அல்சூர்

பதில்: நிறையவே! டெல்லியில் கடுங்குளிரில் இரவுக் காப்பகம் ஒன்றை இடித்தார்கள். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் இதுபற்றி அந்த நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். 2010-ல் பிறந்த உத்தரவு மற்ற பெருநகரங்களுக்கும் நீண்டது: லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும். மார்க்கெட்டில் விடிய விடிய மூட்டை தூக்குபவர் பகலில்தானே தூங்க முடியும்? பை திருடு போகாதிருக்க அதன் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, சாக்கை விரித்துப் படுக்கிறார், பாவம். 2011 கணக்கெடுப்பில் பெங்களூரு மாநகராட்சியின் ஜனத்தொகை சுமார் 84 லட்சம். லட்சம் பேருக்கு ஒன்று என்றால் 84 காப்பகங்கள் வேண்டும். உங்கள் பகுதிக்குரியது எங்கே என்று மாநகராட்சியிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.